ஆந்தைக் காரும் கிளிக் காரும்

மெழுகு போட்டுத் துடைத்த கறுப்பு ஹார்வுட் கார் ஒன்று சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. எட்டு ஆட்கள் முன்னால் நின்று தள்ளினார்கள். பின் சீட்டில் கோட்டும் டையுமாக மெட்ராஸ் மானேஜர் ராமச்சந்திரன். கார் உள்ளே போகப் போக அவர் முன்கண்ணாடி வழியே, எதிரே நடந்து வந்த எங்களையே பார்த்துக்கொண்டு போனார்.

அவர் ஏன் இறங்கி நடக்கவில்லை என்று கேட்பீர்கள். அவருடைய பூட்ஸில் இரும்பு லாடம் இருந்தது. வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரும்பு உரசக் கூடாது என்று வாச்மேன் கழற்றி வாங்கிவிட்டான். சிகரெட் டப்பா, லைட்டர் எல்லாம் கேட்டிலேயே போயாயிற்று. வெறுங்காலோடு சரளையில் நடக்க மானேஜருக்கு மனசில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் எங்கள் மெக்கானிக் தங்கையா. காரின் மூக்கை போர்மேன் மாரிமுத்து தன் தலைத்துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். துண்டுக்குள்ளே ஓர் ஆந்தை. நிக்கல் பூசிய, முஷ்டி அளவு ஆந்தை. ஹார்வுட் கம்பெனியின் மார்க் அது.

பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. நான் சிரிக்கவில்லை. அந்த ஆந்தையால் அன்றைக்குத் தங்கையாவின் வேலை போகவிருந்தது. அதற்குக் காரணம் நான்.

பருத்திக் கிட்டங்கியில் கண்ணாடி

"கார் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன்" என்று இந்தத் தொடரில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதிலிருந்து கடிதம் மேல் கடிதம். விருதுநகரில் ஏதம்மா சீமைக் கார்க் கடை, மிளகாய் வத்தல் கடை என்றால் நம்பலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்பாவிட்டால் போங்கள். அங்கே தினமும் எட்டு மணிக்குப் போய் மெஷின் உறையை எடுத்தவள் நான்.

எங்கள் முதலாளி சிவஞானத்தை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பரம்பரையாகப் பருத்தியும் வத்தலும் வியாபாரம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பருத்திப் பேரம் பேச மெட்ராஸ் போனவர், கார் ஏஜென்சியோடு திரும்பி வந்தார். ரயிலடிக்குப் பக்கத்தில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்திருந்த கிட்டங்கியைக் காலி செய்து, தெருப்பக்கம் முழுசும் கண்ணாடி மாட்டினார். அவ்வளவு பெரிய கண்ணாடியை ஊர் அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸுக்குப் போகிற ஆண்கள் அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டு போவார்கள். சுவர் வெடிப்புகளிலிருந்து பஞ்சு பறந்து வந்து கார்மேல் ஒட்டும். அதைத் துடைக்கவே தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஹார்வுட் அப்போது ராஜா வீட்டுக் கார். இங்கிலாந்தில் இரண்டு சகோதரர்கள், குதிரை வண்டி செய்துகொண்டிருந்தவர்கள், ஆரம்பித்த கம்பெனி என்று விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தது. உள்ளே தோல் சீட், வாதுமை மரப் பலகை, கதவைச் சாத்தினால் பெட்டி மூடுகிற மாதிரி ஒரு மெத்தென்ற சத்தம். ஆந்தையை ஏன் மார்க்காக வைத்தார்கள் என்பதற்கும் விளக்கம் இருந்தது. ஆந்தை பறந்து வந்தால் இறகுச் சத்தமே கேட்காதாம். எங்கள் இன்ஜினும் அப்படியே என்று எழுதியிருந்தார்கள். அதைத் தமிழில் பெயர்த்து டைப் அடித்தவளும் நான்தான்.

சத்தமில்லாமல் வந்து வாசலில் உட்காரும் என்பதுதானே எங்கள் ஊரில் ஆந்தைக்குப் பயப்படவே காரணம். அது அந்தச் சகோதரர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டே நட்டு

முதல் கார் வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. பார்க்க ஜனம் வந்தது. பார்த்தார்கள், மூக்கில் இருந்ததைக் கண்டதும் விலகிப் போனார்கள். தலை வாருகிற ஆண்கள்கூட எதிர்ச் சாரிக்கு மாறிவிட்டார்கள்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, நூறு ஏக்கர் கரிசலில் விவசாயம் பண்ணுகிறவர், வாங்குவதற்கென்றே வந்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார். முன்னால் வந்து நின்றவர் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணாச்சி, இது ஒரு நா கூரை மேல ஒக்காந்தாலே நாங்க வீட்டைக் களுவி விட்டு சூடம் கொளுத்துறோம். நீங்க என்னடான்னா நெதமும் வாசல்ல நிப்பாட்டச் சொல்றீகளே?" என்றார். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் வேதக்காரி. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள். எனக்கு அந்த ஆந்தைமேல் ஒரு விரோதமும் கிடையாது. ஆனாலும் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. நம்புவது சரியா தப்பா என்று நீங்கள் பட்டிமன்றம் வைத்துக்கொள்ளுங்கள். தன் வாசலில் நிற்கப் போகிற காரின் மூக்கில் எது உட்கார வேண்டும் என்று சொல்ல, வாங்குகிறவனுக்கு உரிமை உண்டு.

"கழட்டிருவோம் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி தங்கையாவைப் பார்த்தார். தங்கையா ஆனைக்குட்டத்துக்காரர். அவர் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போவாள். தங்கையா வாயைத் திறந்து பேசினால் அதிசயம். பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டே நட்டுதான் மொதலாளி. ஆனா ஓட்டை விளும். மழை பெஞ்சா தண்ணி எறங்கும். ஏதாச்சும் ஒண்ணு வச்சு அடைக்கணும்."

"அடைக்கிறதுன்னா நல்லதா ஒண்ணை வச்சு அடைப்போம்" என்றார் அண்ணாச்சி. "மீனாட்சி கையில இருக்கிற கிளிய வச்சா யாரு வேண்டாம்பாக?"

பித்தளை ஆசாரி ஒருவரைப் பிடித்துக் கிளி வார்த்தோம். மூக்குக்குச் சிவப்புச் சாயம் பூசினோம். அந்த மாதமே சாத்தூர் சம்சாரி திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு, நேரே இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ஓட்டிப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கினார். அப்புறம் ஜின்னிங் பாக்டரிக்காரர்கள், தீப்பெட்டிக்காரர்கள், ஒரு டாக்டர் என்று வரிசையாக வந்தார்கள். யாரும் ஹார்வுட் என்று கேட்கவில்லை. "கிளிக் கார் எப்ப வரும்?" என்பதுதான் கேள்வி. கழற்றிய ஆந்தைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என் பீரோவில் வைத்திருந்தேன்.

நான் செய்த புத்திசாலித்தனம்

இரண்டு மூன்று வருஷம் அப்படியே ஓடியது. கிளி எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிற்று. அது கம்பெனி மார்க் இல்லை என்பதே மறந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே மறந்துவிட்டது.

ஒரு தீபாவளிக்குச் சிவகாசி அச்சாபீஸில் கடைக் காலண்டர் போட்டோம். பட்டாசு லேபிளுக்குப் படம் எழுதுகிற ஓவியர்தான் எழுதினார். அவருக்கு எதையும் சின்னதாக எழுத வராது. கார் பாதி, கிளி பாதி. பச்சைப் பசேலென்ற இறகும் ரத்தச் சிவப்பு மூக்குமாக, சூரியன் அதன் தலைக்குப் பின்னால் உதித்துக்கொண்டிருந்தது. பார்த்த எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடித்தது. பெருமை தாங்காமல் ஒரு காலண்டரைக் குழலாகச் சுற்றி, வாழ்த்துச் சொல்லி, மெட்ராஸ் ஆபீஸுக்கே தபாலில் அனுப்பிவைத்தேன்.

பதில் பத்தே நாளில் வந்தது. தலையில் ஆந்தை அச்சடித்த தாள். கம்பெனியின் மார்க்கைக் கழற்றிய ஊழியரை உடனே நீக்க வேண்டும். விற்ற கார் எல்லாவற்றிலும் ஆந்தையைத் திரும்பப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் ஏஜென்சி ரத்து. நேரில் விசாரிக்க மானேஜர் வருகிறார்.

கடிதத்தை நானே அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தங்கையா விஷயம் கேட்டுவிட்டு ஸ்பானரைத் துடைத்துப் பையில் வைத்தார். "நான் போயிருதேன் மொதலாளி. என்னால கடை போக வேண்டாம்" என்றார்.

"ஏலே, பேசாம வேலையப் பாரு" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவர் குரலில் பலம் இல்லை. ஏஜென்சி போனால் கடை போகும், கடை போனால் பத்துக் குடும்பம் தெருவில் நிற்கும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பந்தயம்

ராமச்சந்திரன் மரியாதையான மனிதர். அதுதான் எரிச்சல். குரலை உயர்த்தவே மாட்டார். வரும்போதே ஆந்தை வைத்த புதுக் கார் ஒன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"மார்க் என்பது கம்பெனியின் முகம். அதை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கலங்க. ஆந்தையோட இந்தப் பக்கம் ஒருத்தரும் வாங்க மாட்டாக" என்றார் அண்ணாச்சி.

"விற்கத் தெரியாதவர்கள் சொல்கிற சாக்கு இது. வடக்கே போய்ப் பாருங்கள், ஆந்தை லட்சுமிக்கே வாகனம்."

"அப்ப வடக்கயே வித்துக்கிடுங்க" என்றேன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ யாரம்மா?"

"டைப்பிஸ்ட் கிரேஸ். காலண்டர் அனுப்புனது நான். ஆந்தையைக் கழட்டச் சொன்னதும் நான்தான். நீக்குறதா இருந்தா என்னைய நீக்குங்க."

"டைப்பிஸ்ட் கையில் ஸ்பானர் இருக்காது. கழற்றின ஆளைத்தான் ஆபீஸ் கேட்கிறது" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. "ஆந்தையோட ஒரே ஒரு காரு வித்துக் காட்டுங்க சார். வித்துட்டீகன்னா நாங்களே எல்லா ஆந்தையும் திரும்ப மாட்டுறோம், தங்கையா அண்ணனும் வீட்டுக்குப் போகட்டும். விக்க முடியலைன்னா அவரை விட்டுரணும்" என்றேன்.

அண்ணாச்சி என்னை முறைத்தார். ராமச்சந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. இன்றைக்கே விற்கிறேன். யார் வாங்கக் கேட்டிருக்கிறார்?"

கேட்டிருந்தவர் சிவகாசி காளியப்பன். பட்டாசுக் கம்பெனி முதலாளி.

அம்மனுக்கு முன்னால்

காளியப்பன் எதை வாங்கினாலும், அச்சு மெஷினோ மாட்டு வண்டியோ, முதலில் கம்பெனி கேட்டுக்குள்ளே இருக்கிற காளியம்மன் மேடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அம்மன் பார்த்த பிறகுதான் அவர் பார்ப்பார். உள்ளே இன்ஜின் ஓடக் கூடாது. அதனால் எந்த வண்டியானாலும் கேட்டிலிருந்து தள்ளித்தான் போக வேண்டும்.

தள்ள வந்த ஆட்கள் ஆந்தையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். போர்மேன் மாரிமுத்து துண்டை அவிழ்த்து அதன்மேல் கட்டினார். "மொகம் குடுத்து உள்ள வரக் கூடாது. பின்னால திருப்பித் தள்ளுங்கலே" என்றார்.

"என்னப்பா இது, குழந்தைத்தனமாக?" என்று மானேஜர் கார் ஜன்னலிலிருந்து கேட்டார்.

மாரிமுத்து பக்கத்தில் வந்தார். போன சீசனில் அந்தக் கம்பெனியில் ஒரு ஷெட் எரிந்து போயிருந்தது. அதோடு போனவர்களில் அவர் தம்பியும் ஒருவன்.

"சார், மருந்துல கை வச்சுப் பொளைக்கிறவங்க நாங்க. எதை நம்பணும், எதை நம்பக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லாதீக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மானேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதுவரைக்கும் சகுனம் பார்க்கிறவர்கள்மேல் எனக்கும் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. அன்றைக்கு அது போயிற்று.

இப்படித்தான் அந்தக் கார் பின்பக்கமாக உள்ளே போனது. மேடைக்குப் பத்தடி இருக்கும்போது ஆட்கள் நின்றுவிட்டார்கள். இப்படியே போய் நின்றால் காரின் பின்பக்கம் அம்மனைப் பார்க்கும். அது மரியாதையில்லை. திருப்பி நிறுத்தினால் ஆந்தை அம்மனைப் பார்க்கும். அது அதைவிட மோசம். பக்கவாட்டில் நிறுத்தலாமா என்று ஒருவன் கேட்டான். அம்மன் கதவைப் பார்த்து என்ன செய்யப் போகிறாள் என்று இன்னொருவன் கேட்டான். ஆளாளுக்கு ஒரு யோசனை. நல்ல வெயில். கண்ணாடி ஏற்றிய காருக்குள் ராமச்சந்திரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காளியப்பன் ஆபீஸ் அறையிலிருந்து பனியன் வேட்டியோடு வந்தார். காரைச் சுற்றி வந்து துண்டைத் தூக்கிப் பார்த்தார். உடனே கீழே விட்டார்.

"அண்ணாச்சி, கிளி எங்க?"

அண்ணாச்சி மானேஜர் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் கேட்டது கிளிக் காருல்ல? இது என்ன, வேற கம்பெனியா?"

ராமச்சந்திரன் கண்ணாடியை இறக்கினார். "சார், இதுதான் ஒரிஜினல் ஹார்வுட். கிளி வைத்தது கலப்படம்."

காளியப்பன் நிதானமாகச் சொன்னார். "அப்ப எனக்கு அந்தக் கலப்படத்தையே குடுங்க."

ஆட்கள் ஓவென்று சிரித்துவிட்டார்கள். தங்கையா காரைவிட்டு இறங்கி, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தார். உள்ளே பித்தளைக் கிளி. காலையிலிருந்து அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, தன்னை வேலையைவிட்டு அனுப்ப வந்த ஆளை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டியிருக்கிறார் மனுஷர்.

"கேட்டுக்கு வெளிய தள்ளிட்டுப் போயி மாட்டிருதேன் மொதலாளி. அஞ்சு நிமிசம்" என்றார்.

"தொடாதே" என்றார் ராமச்சந்திரன். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தரம்தான்.

காளியப்பன் எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். போகும்போது கார் நேராகவே போயிற்று. வெளியே போகிற ஆந்தை எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று மாரிமுத்து சொல்லிவிட்டார்.

திரும்புகிற வழியில்

"பந்தயத்துல நாங்க ஜெயிச்சிட்டோம் சார்" என்றேன் காருக்குள்.

"அது பேச்சுக்குச் சொன்னது. சட்டம் சட்டம்தான். சனிக்கிழமைக்குள் அவனை அனுப்பிவிட்டு எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்" என்றார்.

அதை அவர் சொன்னது தங்கையாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. தங்கையா அப்போது அவருக்காகப் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணாச்சி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வழி நெடுகக் கரிசலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மானேஜரை விருதுநகர் ரயிலடியில் இறக்கிவிட்டோம்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏஜென்சி போயிற்று. போர்டை இறக்கச் சொல்லி ஆள் வந்தது, தங்கையாதான் ஏணி வைத்து இறக்கிக் கொடுத்தார். சில வருஷத்தில் சீமைக் கார் வருவதையே சர்க்கார் நிறுத்திவிட்டது. ஹார்வுட் கம்பெனியும் கைமாறி, கடைசியில் இழுத்து மூடினார்கள் என்று பேப்பரில் ஒரு மூலையில் படித்தேன். நாங்கள் மூடவில்லை. ஏஜென்சி இருந்த அதே கிட்டங்கியில் ஒர்க்ஷாப் வைத்தோம். கிளிக் கார் வைத்திருந்த அத்தனை பேரும் எங்களிடம்தான் வந்தார்கள். மானேஜர் வருவதற்கு முன்னாலேயே வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்கவென்று கடைக்கு வாங்கி வைத்திருந்த காரைக் கிளியோடு காளியப்பன் எடுத்துக்கொண்டார். அறுபதுகள் முடிகிற மட்டும் அது சிவகாசி ரோட்டில் ஓடியது. நஷ்டம் இல்லையா என்றால், இருந்தது. அந்தக் கண்ணாடியைப் பெயர்த்து விற்ற வருஷமும் உண்டு. அதற்காக நாங்கள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

தாள்

அன்றைக்குச் சாயங்காலம் கடைக்குள் வந்ததும் அண்ணாச்சி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கிரேசு, மெஷின்ல தாளை மாட்டு. நான் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீசுல அடி."

மெட்ராஸுக்கு எழுதுகிற கடிதமெல்லாம் அவர்கள் அனுப்பிய தாளில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றை எடுத்தேன். தலையில் ஆந்தை, இரண்டு கண்ணையும் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. வெள்ளைத் தாள் வேறு இருந்தது. ஆனால் எனக்கு அந்தத் தாள்தான் வேண்டும் என்று தோன்றியது.

ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, தலைப்பிலிருந்த ஆந்தையை மட்டும் சதுரமாக வெட்டினேன். தாளில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை விழுந்தது. அண்ணாச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. அப்படியே மெஷினில் ஏற்றினேன்.

"எழுதிக்கோ. எங்க மெக்கானிக் தப்பு ஒண்ணும் பண்ணல. நாங்க சொன்ன வேலையச் செஞ்சாரு. அவரை அனுப்ப மாட்டோம். ஏஜென்சிய நீங்க எடுத்துக்கிடலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்புட்டுத்தான். கீள என் பேரைப் போடு" என்றார்.

"மன்னிப்புன்னு ஏதாச்சும் ஒரு வரி?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான்.

"எதுக்கு?"

அடித்து முடித்தேன். பிஸ்கட் டின்னைப் பீரோவிலிருந்து எடுத்து, ஆந்தைகளை எண்ணாமலே ஒரு சாக்கில் கொட்டி, கடிதத்தை மேலே வைத்துக் கட்டினேன். தங்கையா பார்சலைத் தபாலாபீஸுக்குக் கொண்டுபோக வந்து நின்றார். வழக்கம்போல் ஒன்றும் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். கேட்டார்.

"என்னம்மா எளுதியிருக்கீக?"

"நாளைக்கு எட்டு மணிக்கு நீங்க வேலைக்கு வருவீகன்னு எழுதியிருக்கு" என்றேன்.